கசப்பைப் பிரித்தெடுத்த மருந்துக் கடைக்காரர்

எங்கள் பாட்டியிடம் கசப்பை அளக்க ஓர் அளவுகோல் இருந்தது. பாகற்காய் கசந்தால் கசக்கிறது என்பார். வேப்பங்கொழுந்து கசந்தால் ரொம்பக் கசக்கிறது என்பார். அதற்கும் மேலே போனால் கொயினா என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அவர் சிறுமியாக இருந்த காலத்தில், தோட்டத்தில் காலைப் பெரட்டின்போது டிரஸ்ஸர் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துக் கொயினா கொடுப்பாராம். வாயில் அடக்கிக்கொண்டு லயத்துப் பக்கம் போய்த் துப்பிவிடுவார்கள் என்பதால், விழுங்கும்வரை முன்னாலேயே நின்று பார்ப்பாராம்.

கொயினா என்பது குவினின். மலேரியாவுக்கு மனிதன் கண்டுபிடித்த முதல் தெளிவான மருந்து. நான் இடைநிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் அறிவியல் கற்பித்தவன். அந்தப் பெயரை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அதைக் கண்டுபிடித்தவர் யார் என்று நானாகத் தேடிப் போனதில்லை. என்னைத் தேட வைத்தது வேறொரு கேள்வி. ஒரு நாள் ஒளிச்சேர்க்கைப் பாடத்தில், பச்சையத்திற்குக் குளோரோபில் என்று பெயர் வைத்தது யார் என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் சொல்வதாகச் சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போனேன். அங்கே கிடைத்தவை இரண்டு பெயர்கள். பியேர் ஜோசப் பெல்லத்தியே, ஜோசப் கவாந்து. இரண்டு பேருமே பாரிஸ் நகரத்து மருந்தாளர்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் அதே இரண்டு பெயர்கள்தான் குவினினுக்குப் பக்கத்திலும் இருந்தன. பாட்டியின் கொயினாவும் என் வகுப்பின் பச்சையமும் ஒரே கூடத்திலிருந்து வந்தவை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவர்களில் மூத்தவரான பெல்லத்தியேயின் கதையை இன்று சொல்கிறேன்.

பட்டை இருந்தது, அளவு இல்லை

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் சரிவுகளில் சின்கோனா என்ற மரம் வளர்கிறது. அதன் பட்டையை இடித்துத் தூளாக்கிக் குடித்தால் குளிர் காய்ச்சல் நிற்கிறது என்ற செய்தி, 17ஆம் நூற்றாண்டில் ஏசு சபைப் பாதிரியார்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. அக்காலத்தில் மலேரியா வெப்ப நாடுகளின் நோய் மட்டுமல்ல. ரோம், இங்கிலாந்தின் சதுப்பு நிலங்கள், பிரான்ஸ் என்று ஐரோப்பா எங்கும் அது இருந்தது.

இங்கிலாந்தில் ராபர்ட் டால்பர் என்பவர் காய்ச்சலுக்கு ஓர் இரகசிய மருந்து வைத்திருந்தார். பாதிரியார்களின் தூளை நம்பாதீர்கள், ஆபத்து என்று ஊருக்கு எச்சரிக்கையும் செய்தார். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் அவரிடம் மருந்து சாப்பிட்டுக் குணமானார். பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயியின் மகனும் குணமானார். லூயி பணம் கொடுத்து அந்த இரகசியத்தை வாங்கினார். 1681இல் டால்பர் இறந்த பிறகு அது வெளியானது. மருந்து வேறொன்றுமில்லை, மதுவில் ஊறவைத்த அதே சின்கோனாப் பட்டைதான்!

பட்டை வேலை செய்தது உண்மை. ஆனால் எப்போதும் செய்யவில்லை. சின்கோனாவில் பல வகை உண்டு. சாம்பல் நிறப் பட்டை, மஞ்சள் பட்டை, சிவப்புப் பட்டை என்று வணிகர்கள் பிரித்து விற்றார்கள். ஒரு மூட்டையில் சத்து நிறைய இருக்கும். மற்றொரு மூட்டையில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. வேறு மரப்பட்டையைக் கலந்து விற்றவர்களும் இருந்தார்கள். மருத்துவர் ஒரே எடையைத்தான் கொடுப்பார். ஒரு நோயாளி பிழைப்பார், அடுத்தவர் இறப்பார். நிறையக் கொடுக்கலாம் என்றால், அவ்வளவு மரத்தூளை நோயுற்ற வயிறு தாங்காது; வாந்தியாக வெளியே வந்துவிடும்.

ஏறக்குறைய 200 ஆண்டுகள் உலகம் இந்த நிலையில்தான் இருந்தது. மருந்து கையில் இருந்தும், எவ்வளவு மருந்து கையில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

தந்தை விட்டுச் சென்ற கடை

பெல்லத்தியே 1788ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பாரிஸில் பிறந்தார். அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. தந்தை பெர்த்ரான் பெல்லத்தியேயும் மருந்தாளர். அறிவியல் கழகத்தில் இடம்பெற்ற நல்ல வேதியியலாளர். பாரிஸின் ஜாக்கோப் தெருவில் அவர்களுக்கு மருந்துக் கடை இருந்தது. அந்தக் காலத்து மருந்துக் கடை இன்றைய ஃபார்மசியைப் போன்றதல்ல. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் அடுப்பு, குடுவை, வடிகட்டி என்று ஒரு முழு ஆய்வுக்கூடம் இருக்கும். வேரையும் பட்டையையும் வாங்கி, இடித்து, காய்ச்சி, வடித்து, கடைக்காரரே மருந்து செய்ய வேண்டும்.

சிறுவனுக்கு ஒன்பது வயதானபோது, 1797இல், தந்தை இறந்துபோனார். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. மகன் அதே தொழிலையே படித்தார். 1810இல் மருந்தாளராகத் தேர்ச்சி பெற்றார். 1812இல் அறிவியலில் முனைவர் பட்டமும் பெற்றார். சில ஆண்டுகளில் பாரிஸ் மருந்தியல் பள்ளியில் கற்பிக்கவும் தொடங்கினார். பகலில் வகுப்பும் கடையும், மீதி நேரத்தில் பின்பக்கத்து ஆய்வுக்கூடம் என்பதுதான் அவரது வாழ்க்கை.

அவர் முதலில் தொட்ட பொருள்களைப் பார்த்தால் நமக்கு வியப்பாக இருக்கும். பிசின்கள், செஞ்சந்தனத்தின் சிவப்பு நிறம், பிறகு நம் வீட்டு மஞ்சள். 1815இல் வோகல் என்பவரோடு சேர்ந்து, மஞ்சள் கிழங்கிலிருந்து அதன் நிறப்பொருளைப் பிரித்தார். இன்று குர்குமின் என்று விளம்பரங்களில் கேட்கிறோமே, அதன் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வேலைகளில் அவர் ஒரு வழக்கத்தைக் கற்றுக்கொண்டார். அவருக்கு முந்திய தலைமுறை வேதியியலாளர்கள் ஒரு செடியில் என்ன இருக்கிறது என்று அறிய அதை நெருப்பில் வாட்டிப் பார்த்தார்கள். நெருப்பு பெரும்பாலும் எதைத் தேடுகிறோமோ அதையே அழித்துவிடும். எந்தச் செடியைச் சுட்டாலும் கடைசியில் கரியும் தாரும் புளித்த நீரும்தான் மிஞ்சும். பெல்லத்தியேயின் தலைமுறை நெருப்பைக் குறைத்துக் கரைப்பான்களைப் பிடித்துக்கொண்டது. தண்ணீரில் கரைகிறதா, ஆல்கஹாலில் கரைகிறதா, ஈதரில் கரைகிறதா, அமிலத்தில் கரைகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, செடியைச் சிதைக்காமல் அதன் பொருள்களைத் தனித்தனியாக வெளியே அழைத்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஜெர்மனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. செர்டுர்னர் என்ற இளம் மருந்தாளர் அபினிலிருந்து மார்பினைப் பிரித்திருந்தார். அது காரத்தைப் போல அமிலத்தோடு சேர்ந்து உப்பாக மாறியது. செடிகளுக்குள்ளும் காரங்கள் உண்டு என்பது அன்றைக்குப் புதிய செய்தி. இவ்வகைப் பொருள்களைத்தான் இன்று அல்கலாய்டு என்கிறோம். அபினுக்குள் ஒன்று இருந்தால் மற்ற மருந்துச் செடிகளுக்குள்ளும் இருக்கலாம் அல்லவா? பெல்லத்தியே அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார்.

எட்டிக்காயும் ஒரு பெரியவரின் பெயரும்

1817இல், உடலியல் அறிஞர் பிரான்சுவா மஜாந்தியோடு சேர்ந்து, வாந்தி எடுக்க வைக்கும் இப்பிகாக் வேரிலிருந்து எமெட்டினைப் பிரித்தார். இந்தக் கூட்டு முக்கியமானது. பெல்லத்தியே பொருளைப் பிரித்துக் கொடுப்பார். அது உயிருள்ள உடலில் என்ன செய்கிறது என்று மஜாந்தி சோதிப்பார். ஒருவர் அளந்தார், மற்றவர் சோதித்தார். இரண்டும் சேர்ந்தால்தான் மருந்து என்ற எண்ணம் அப்போதே உருவாகிவிட்டது.

அதே காலத்தில் அவரோடு இணைந்தவர் கவாந்து. பெல்லத்தியேயைவிட ஏழு வயது இளையவர். இவரும் மருந்தாளரின் மகன்தான். இருவரும் சேர்ந்து இலையின் பச்சைப் பொருளைப் பிரித்து, கிரேக்கச் சொற்களிலிருந்து குளோரோபில் என்று பெயரிட்டார்கள். என் மாணவியின் கேள்விக்கு விடை இதுதான்.

1818இல் புனித இக்னேஷியஸ் கொட்டையிலிருந்தும் எட்டிக்கொட்டையிலிருந்தும் ஒரு கொடிய நஞ்சைப் பிரித்தார்கள். தாங்கள் மிகவும் மதித்த வோக்லான் என்ற மூத்த வேதியியலாளரின் பெயரை அதற்கு வைக்க விரும்பினார்கள். அறிவியல் கழகத்துப் பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். இத்தனை மதிப்புக்குரியவரின் பெயரை ஒரு நஞ்சுக்கு வைப்பதா என்பது அவர்கள் கவலை. கடைசியில் செடியின் பெயரையொட்டி ஸ்டிரிக்னின் என்று ஆனது. யாருக்கும் கொடுத்து உதவாதவருக்கு நம் முன்னோர் உவமை சொல்லும் அதே எட்டி மரம்தான் இது.

ஸ்டிரிக்னினும் கடுமையாகக் கசக்கும், குவினினும் கடுமையாகக் கசக்கும். ஒன்று கொல்லும், மற்றது காக்கும். நாக்குக்கு இந்த வேறுபாடு தெரியாது. கசப்பாக இருந்தால் மருந்தாகத்தான் இருக்கும் என்று நம்மில் பலர் இன்றும் நினைக்கிறோம். பெல்லத்தியேயின் மேசையில் இந்த இரண்டு கசப்புகளும் இரண்டு ஆண்டு இடைவெளியில் இருந்தன.

1820

சின்கோனாப் பட்டையை இவர்களுக்கு முன்பே சிலர் தொட்டிருந்தார்கள். போர்ச்சுகல் மருத்துவர் பெர்னார்டினோ கோமெஸ் 1811இல் சாம்பல் நிறப் பட்டையிலிருந்து படிகங்களை எடுத்து, சின்கோனின் என்று பெயரிட்டார். ஆனால் அது ஒரு காரப்பொருள் என்பதை அவர் அறியவில்லை. பெல்லத்தியேயும் கவாந்துவும் அந்த வேலையை மீண்டும் செய்தார்கள். அமிலம் சேர்த்துப் பார்த்தபோது அது உப்பாக மாறியது. அல்கலாய்டுதான் என்று உறுதியானது.

இங்கே பலர் நிறுத்தியிருப்பார்கள். பட்டையின் சத்து கிடைத்துவிட்டது என்று எழுதி முடித்திருக்கலாம். இவர்கள் மஞ்சள் பட்டையையும் எடுத்தார்கள். மருத்துவர்கள் காய்ச்சலுக்கு அதிகம் நம்பியது மஞ்சள் பட்டையைத்தான். அதே முறையில் செய்தபோது எதிர்பார்த்த படிகம் வரவில்லை. வந்தது மஞ்சள் நிறத்தில், பிசின் போன்ற, மிகக் கசப்பான ஒரு பொருள்.

படிகம் வராவிட்டால், அழுக்கு கலந்துவிட்டது, சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று நினைப்பதுதான் வழக்கம். இவர்கள் அந்தப் பிசினையும் ஒவ்வொரு கரைப்பானிடமும் கேட்டார்கள். சின்கோனின் ஈதரில் மிகக் குறைவாகவே கரையும். இதுவோ நன்றாகக் கரைந்தது. அமிலத்தோடு சேர்ந்து இது கொடுத்த உப்புகளும் வேறாக இருந்தன. ஆகவே இது அழுக்கடைந்த சின்கோனின் இல்லை, வேறு ஒரு பொருள். பட்டைக்கு ஆண்டிஸ் மக்களின் மொழியில் வழங்கிய கினா என்ற பெயரிலிருந்து அதற்குக் குவினின் என்று பெயரிட்டார்கள். சிவப்புப் பட்டையைச் சோதித்தபோது அதில் இரண்டுமே இருந்தன. 1820 செப்டம்பரில் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இதை அறிவித்தார்கள்.

அவர்கள் செய்த வேலையின் உட்கருத்தை மாணவர்கள் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். பட்டைக்குள் மாவு, நார், நிறம், துவர்ப்பு என்று பல பொருள்கள் கலந்து கிடக்கின்றன. குவினின் ஒரு காரம். தண்ணீரில் அது எளிதில் கரையாது. அமிலத்தோடு சேர்ந்து உப்பாகிவிட்டால் கரைந்துவிடும். ஆகவே அமிலம் சேர்த்தால் குவினின் நீருக்குள் இறங்கும், கரையாத பொருள்கள் மேலே தங்கும். வடிகட்டி எடுத்த நீரில் காரத்தைச் சேர்த்தால், குவினின் மீண்டும் கரையாத பொருளாகி வெளியே வரும். அதை ஆல்கஹாலில் கரைத்து மேலும் சுத்தம் செய்யலாம். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் அமிலத்தையும் காரத்தையும் கலந்து உப்பு செய்கிறீர்களே, அதே பாடம்தான் இங்கே உயிர் காக்கும் மருந்தைப் பிரித்துக் கொடுத்தது.

நோயாளியின் படுக்கையருகே

ஒரு பொருளைப் பிரித்துவிட்டால் அது மருந்தாகிவிடாது. பட்டையில் இருந்த காய்ச்சலைத் தீர்க்கும் ஆற்றல் இந்தப் பொருளில்தான் இருக்கிறது என்பதை யார் சொல்வது? பெல்லத்தியேயும் கவாந்துவும் மருத்துவர்களை நாடினார்கள். மஜாந்தி, டூப்ள், ஷோமெல் ஆகியோர் குவினின் உப்பை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முறை வைத்து வந்த காய்ச்சல் நின்றது. கைப்பிடி கைப்பிடியாக மரத்தூள் விழுங்க வேண்டிய இடத்தில் சில கிரெயின் எடையுள்ள வெண்பொடி போதுமானதாக இருந்தது.

இதில் இன்னொரு நன்மையும் வந்தது. இனி எந்த மூட்டைப் பட்டையில் எவ்வளவு குவினின் இருக்கிறது என்று எடை போட்டுச் சொல்லலாம். போலிப் பட்டை விற்றவர் பிடிபட்டார். ஒரு மருத்துவர் பாரிஸில் கொடுத்த அளவை வேறொரு மருத்துவர் வேறொரு நாட்டில் அப்படியே கொடுக்க முடிந்தது. முதலாமவரின் அனுபவம் இரண்டாமவருக்குப் பயன்பட்டது. அளவு தெரியாத மருந்தில் இது நடக்காது.

மலேரியா எதனால் வருகிறது என்று அப்போது பெல்லத்தியேக்குத் தெரியாது. சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றால் வருகிறது என்றே உலகம் நம்பியது. நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் ஒட்டுண்ணியை அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லவரான் கண்டது 1880இல். அனோஃபிலிஸ் கொசுவின் உடலில் அந்த ஒட்டுண்ணி வளர்வதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல். நோயின் காரணம் தெரிவதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே மருந்தின் அளவு தெரிந்திருந்தது.

இரகசியம் ஆக்கவில்லை

பிரான்சில் 1791 முதலே காப்புரிமைச் சட்டம் இருந்தது. பெல்லத்தியேயும் கவாந்துவும் விரும்பியிருந்தால் குவினினுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கலாம். உலகம் முழுவதும் தேவைப்பட்ட மருந்து அது, பணம் கொட்டியிருக்கும். அவர்கள் வாங்கவில்லை. செய்முறையை முழுவதும் எழுதி வெளியிட்டார்கள். படித்த எந்த மருந்தாளரும் அதைச் செய்ய முடிந்தது. சில ஆண்டுகளுக்குள் பல நாடுகளில் குவினின் தயாரிப்பு தொடங்கிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு டால்பரின் நினைவு வந்தது. ஒருவர் பட்டையை மதுவில் மறைத்து வைத்துச் செல்வம் சேர்த்தார். சாகும்வரை வாய் திறக்கவில்லை. மற்ற இருவர் கண்டுபிடித்த சில மாதங்களில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். பெல்லத்தியேயைத் துறவி என்று நினைத்துவிட வேண்டாம். அவர் வணிகர்தான். சொந்தமாகத் தொழிற்சாலை நடத்திக் குவினின் செய்து விற்றார். ஆனால் பிறரும் செய்து விற்கும் வழியை அடைக்கவில்லை. தரமாகச் செய்து போட்டியில் நின்றார்.

1827இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் இருவருக்கும் மொந்தியோன் பரிசாக 10,000 பிராங்க் வழங்கியது.

பெல்லத்தியே அதன்பிறகும் ஓயவில்லை. அபினிலிருந்து வேறு பொருள்களைப் பிரித்தார். 1837இல் வால்டர் என்பவரோடு சேர்ந்து பைன் மரப் பிசினிலிருந்து ஓர் எண்ணெயைப் பிரித்தார். இன்று சாயத்திலும் பசையிலும் பயன்படும் டொலுயீன் அதுதான். 1832இல் மருந்தியல் பள்ளியின் துணை இயக்குநரானார். 1840இல் தந்தை இருந்த அதே அறிவியல் கழகத்தில் அவருக்கும் இடம் கிடைத்தது. ஆனால் உடல்நிலை அப்போதே கெட்டிருந்தது. 1842 ஜூலையில் காலமானார். வயது 54. கவாந்து 1877வரை வாழ்ந்தார்.

நீலகிரியிலிருந்து சயாம் வரை

பெல்லத்தியே இறந்த பிறகு குவினின் நம் மக்களின் வாழ்க்கைக்குள் வந்தது. 1860களில் ஆங்கிலேயர் ஆண்டிஸ் மலையிலிருந்து சின்கோனா விதைகளையும் கன்றுகளையும் கொண்டுவந்து நீலகிரியில் தொட்டபெட்டா, நடுவட்டம் முதலிய இடங்களில் பயிரிட்டார்கள். அங்கே வளர்ந்த பட்டைகளில் குவினினோடு அதன் உறவுப் பொருள்களும் நிறைய இருந்தன. அவற்றைத் தூக்கி எறிவதா, கொடுப்பதா என்ற கேள்வி வந்தது.

1866 முதல் 1868 வரை சென்னை மாகாணத்தில் ஒரு சோதனை நடந்தது. குவினின், குவினிடின், சின்கோனின், சின்கோனிடின் ஆகிய நான்கையும் தனித்தனியாக நோயாளிகளுக்குக் கொடுத்துக் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 2,472 பேர். ஆயிரம் பேருக்கு எத்தனை பேரிடம் மருந்து தோற்றது என்று பார்த்தபோது, குவினிடினில் 6, குவினினில் 7, சின்கோனிடினில் 10, சின்கோனினில் 23 என்று வந்தது. குவினின் மட்டுமே மருந்து, மற்றவை வீண் என்று அதுவரை நினைத்தது தவறு. பெல்லத்தியேயும் கவாந்துவும் முதலில் சோதித்த அந்தச் சின்கோனினும் காய்ச்சலைத் தீர்க்கும். விலை குறைந்த பொருள்களையும் ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்பது தெரிந்தது. ஒவ்வொரு பொருளையும் பிரிக்கக் கற்றுக்கொண்டதால்தான் இப்படி ஒப்பிட முடிந்தது.

பிறகு டச்சுக்காரர்கள் ஜாவாவில் குவினின் மிகுந்த சின்கோனாவை வளர்த்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்தின் பெரும்பகுதி குவினின் அங்கிருந்துதான் வந்தது. நம் நாட்டில் ரப்பர் தோட்டங்கள் எழுந்தபோது காட்டை வெட்டிய இடமெல்லாம் மலேரியா தாண்டவமாடியது. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்துக் கொசுவைக் கட்டுப்படுத்தும் வழியைக் காட்டினார். அதோடு குவினினும் கொடுக்கப்பட்டது. பெரட்டில் பாட்டி வாங்கிய கொயினா அப்படி வந்ததுதான்.

பாட்டி ஒரு பெயரை மட்டும் கொயினாவோடு சேர்த்துச் சொல்வார். அவருடைய அண்ணன். ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர். திரும்பி வரவில்லை. உடன் போய்த் திரும்பிய ஒருவர், காய்ச்சல் கண்டு நாலைந்து முறை நடுங்கிப் போய்விட்டார் என்று சொன்னாராம். 1942இல் ஜாவாவும் அதன் குவினினும் ஜப்பானியர் கைக்குப் போயிருந்தன. ஆனால் பாதை போட்ட தொழிலாளர்களுக்கு அந்த மருந்து போதிய அளவு கொடுக்கப்படவில்லை. தோட்டத்தில் வேண்டாம் வேண்டாம் என்று துப்பிய கசப்பு, அங்கே கிடைக்காமல் போய்விட்டது என்று பாட்டி சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும்.

அதே போரில் பாரிஸிலும் ஒன்று நடந்தது. பெல்லத்தியேக்கும் கவாந்துவுக்கும் 1900இல் சான் மிஷேல் பெருஞ்சாலையில் வெண்கலச் சிலை வைத்திருந்தார்கள். ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின்போது உலோகத்துக்காக அதை உருக்கிவிட்டார்கள். 1951இல் அவ்விடத்தில் வேறு நினைவுச் சின்னம் எழுந்தது.

இன்றைய கேள்வி

மலேரியா பழங்கதை என்று நினைக்காதீர்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியாகப் பரவும் மலேரியா மலேசியாவில் உள்ளூரில் தொற்றுவது 2018 முதல் நின்றுவிட்டது. ஆனால் காட்டுக் குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி மலேரியா இருக்கிறது. அது இவ்வளவு பேருக்கு வருகிறது என்பதைச் சரவாக்கின் காப்பிட் பகுதியில் ஆய்வு செய்த பல்பீர் சிங் குழுவினர் 2004இல் உலகுக்குக் காட்டினார்கள்.

இன்று அதற்குக் கொடுக்கப்படும் முதன்மை மருந்தும் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். சீனாவின் து யூயூ 1970களின் தொடக்கத்தில் சிங்காவ் என்ற செடியின் சாற்றைச் சோதித்தார். முதலில் பலன் நிலையாக இல்லை. சூடு மருந்தை அழிக்கிறது என்று ஊகித்து, கொதிநிலை குறைந்த ஈதரால் சாற்றை எடுத்தார். பலன் கிடைத்தது. அந்தச் சாற்றிலிருந்து ஆர்ட்டிமிசினின் பிரிக்கப்பட்டது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு. நெருப்பைக் குறைத்துக் கரைப்பானை நம்பிய ஜாக்கோப் தெருக் கடையின் பாடம் அங்கேயும் வேலை செய்திருக்கிறது.

நம் காட்டுச் செடிகளிலும் ஆய்வு நடந்திருக்கிறது. தொங்காட் அலி வேரின் சில பொருள்கள் ஆய்வுக்கூடத்தில் மலேரியா ஒட்டுண்ணியின் வளர்ச்சியைத் தடுத்தன. ஆனால் அது இன்னும் மலேரியாவுக்கு மருந்தாகவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். குடுவையில் இருக்கும் இரத்த அணுக்களில் ஒட்டுண்ணியை வளர்த்து, மேலே சாற்றை ஊற்றிப் பார்ப்பது முதல் படி. அதிகமாக ஊற்றினால் எத்தனையோ இலைச்சாறுகள் ஒட்டுண்ணியைக் கொல்லும். அந்த அளவு மனித இரத்தத்தில் சேருமா, சேர்ந்தால் மனிதனுக்குத் தீங்கு செய்யுமா, எந்தப் பொருள் கொல்கிறது, அதைப் பிரிக்க முடியுமா, விலங்கில் பலிக்கிறதா, நோயாளியிடம் பலிக்கிறதா என்று படிகள் மேலே மேலே போகின்றன. பெரும்பாலான சாறுகள் நடுவழியில் நின்றுவிடும்.

கைப்பேசியில் தினமும் ஏதாவது ஒரு மூலிகைச் செய்தி வருகிறது. இந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் அந்த நோய் பறந்துவிடும் என்கிறது. நான் மூலிகையை இகழ்பவன் அல்லன். சின்கோனாவும் சிங்காவும் மூலிகைகள்தான். ஆண்டிஸ் மக்களும் சீனத்து முன்னோரும் முதலில் கண்டு சொல்லாவிட்டால் பெல்லத்தியேக்கும் து யூயூவுக்கும் தேடுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் அந்தச் செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அதில் எந்தப் பொருள் வேலை செய்கிறது? எவ்வளவு கொடுக்க வேண்டும்? எத்தனை நோயாளிகளிடம் சோதித்து, எத்தனை பேரிடம் தோற்றது? விடை இல்லையென்றால் அது இன்னும் மூட்டையில் இருக்கும் பட்டைதான். காட்டுப் பக்கம் போய்வந்து காய்ச்சல் கண்டால், கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய் இரத்தத்தைச் சோதியுங்கள்.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவிக்கு விடை சொன்னேன். பச்சையத்துக்குப் பெயர் வைத்தவர்கள்தான் என் பாட்டிக்குக் கொயினாவும் கொடுத்தார்கள் என்றேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, அப்படியானால் பாட்டியின் அண்ணனுக்கு ஏன் அது கிடைக்கவில்லை என்று கேட்டாள். அதற்கு விடை வேதியியல் நூலில் இல்லை, வரலாற்று ஆசிரியரிடமும் கேள் என்றேன். மருந்தைக் கண்டுபிடிப்பவர் ஒருவர். அது எல்லாரையும் சென்றடையப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம் எல்லாரும்.